அமெரிக்கச் சிறுநகரக் கத்தோலிக்கப் பள்ளிகளும் அவற்றின் விளையாட்டு அணிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்கு மாநிலங்களிலும் பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியிலும் உள்ள சிறுநகரங்களில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் கத்தோலிக்கக் கோவிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. கோவில், குருமனை, கன்னியர் மடம், பள்ளி, கல்லறைத் தோட்டம் ஆகியவை சேர்ந்ததே ஒரு பங்கு. 20ஆம் நூற்றாண்டில் இவற்றோடு கூடைப்பந்து ஆடும் கூடமும் திறந்தவெளி ஆடுகளமும் சேர்ந்தன. சில நூறு குடும்பங்களே கொண்ட பங்குகள் மாநில அளவில் பேசப்பட்ட அணிகளை உருவாக்கின.

இந்த வரலாறு பெரும்பாலும் பயிற்றுநர்கள், கோப்பைகள் ஆகியவற்றின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அணி இருக்கப் பள்ளி வேண்டும். அந்தப் பள்ளியை நடத்தியவர்கள் ஏறத்தாழ ஊதியமின்றி உழைத்த கன்னியர். கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரியில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. அவர்கள் எண்ணிக்கை குறைந்ததும் பள்ளிகள் தளர்ந்தன. பள்ளி மூடிய ஊர்களில் அணியும் போயிற்று.

தனிப் பள்ளி தோன்றிய காரணம்

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க அரசுப் பள்ளிகள் பெயரளவில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவை. ஆயினும் பல இடங்களில் சீர்திருத்தச் சபையினர் பயன்படுத்தும் கிங் ஜேம்ஸ் விவிலியமே வகுப்பில் வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கக் குழந்தைகள் தங்கள் விவிலியத்தை வாசிக்க அனுமதி கேட்டதையொட்டி எழுந்த பகை, 1844இல் பிலடெல்பியாவில் கலவரமாக வெடித்தது. கத்தோலிக்கக் கோவில்கள் எரிக்கப்பட்டன. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும், பின்னர் போலந்து, லித்துவேனியா, சுலோவாக்கியா, இத்தாலி ஆகிய நிலங்களிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் சமயத்தோடு மொழியையும் காக்கத் தனிப் பள்ளிகளை நாடினர்.

1884இல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுச்சங்கம் இதை விதியாக்கியது. ஒவ்வொரு பங்குக் கோவிலுக்கு அருகிலும் இரண்டு ஆண்டுகளுக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. விதி முழுமையாக நிறைவேறவில்லை. பல பங்குகளிடம் அதற்கான பணம் இல்லை. இருந்தும் 1920இல் சுமார் 6,500 தொடக்கப் பள்ளிகளில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தனர்.

அரசு இதற்கு ஒரு காசும் தரவில்லை. தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் ஆர்.சி. பள்ளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். சமயப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தருவதைத் தடுக்கும் திருத்தமொன்று 1870களில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தோற்றாலும், பல மாநிலங்கள் அதே தடையைத் தங்கள் அரசியல் சட்டங்களில் எழுதிக்கொண்டன. விஸ்கான்சின் மாநிலம் 1889இல் பள்ளிகளில் ஆங்கில வழிக் கல்வியைக் கட்டாயமாக்கியபோது ஜெர்மன் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒன்றாக நின்று எதிர்த்தனர். இரண்டே ஆண்டுகளில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1922இல் ஆரிகன் மாநிலம் எல்லாக் குழந்தைகளும் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கன்னியர் சபை ஒன்று தொடுத்த வழக்கில் 1925இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. பங்குப் பள்ளி சட்டப்படி நிலைபெற்றது அந்தத் தீர்ப்பால்தான்.

ஃபேரிபால்ட் ஒப்பந்தம்

செலவைச் சமாளிக்க நடந்த முயற்சிகளில் மிகச் சுவையானது மினசோட்டாவின் ஃபேரிபால்ட் நகரில் நடந்தது. 1891இல் அங்கிருந்த அமலோற்பவ அன்னை பங்கின் பள்ளியை நடத்தப் பணமில்லாமல் போயிற்று. பங்குத்தந்தை நகரின் அரசுப் பள்ளிக் குழுவிடம் சென்று, கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆண்டுக்கு 1 டாலர் வாடகைக்கு ஒப்பந்தம் ஆயிற்று. ஆசிரியைகளாக இருந்த டொமினிக்கன் கன்னியர் அங்கேயே தொடர்ந்தனர்; அவர்களுக்கு இனி அரசுப் பள்ளிக் குழு ஊதியம் தரும். பள்ளி நேரத்தில் மறைக்கல்வி கிடையாது. காலையில் வகுப்பு தொடங்கும் முன் திருப்பலி, மாலையில் மணி அடித்த பின் மறைக்கல்வி என்று ஏற்பாடு. அதே மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் நகரிலும் இதேபோன்ற ஒப்பந்தம் உருவானது.

பேராயர் ஜான் அயர்லாந்து இதை ஆதரித்தார். இரு தரப்பிலும் எதிர்ப்பு கிளம்பியது. கன்னியர் உடையில் ஒருவர் அரசுப் பள்ளியில் பாடம் நடத்துவதா என்று சீர்திருத்தச் சபையினர் கேட்டனர். பள்ளியையே விற்றுவிட்டார்கள் என்று ஜெர்மன் கத்தோலிக்கரும் வேறு ஆயர்கள் சிலரும் குற்றம் சாட்டினர். வழக்கு ரோமாபுரி வரை போனது. 1892இல் ‘பொறுத்துக்கொள்ளலாம்’ என்ற அளவில் பதில் வந்தது. 1893இல் ஒப்பந்தம் முடிந்துபோனது. கன்னியருக்கு நியாயமான ஊதியம் கிடைக்க இருந்த வழி அத்தோடு அடைபட்டது என்று சொல்வது மிகையாகாது. அதன்பின் எழுபது ஆண்டுகள் பங்குப் பள்ளி பழைய முறையிலேயே ஓடியது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை உறை, கோடைக்காலப் பங்குத் திருவிழா, 1930களிலிருந்து பிங்கோ சீட்டு விளையாட்டு ஆகியவை வரவு. செலவு குறைவாக இருந்ததற்குக் காரணம் கன்னியர். ஆண்டுக்குச் சில நூறு டாலர் படிப்பணம் அவர்கள் சபைக்குச் சென்றது. அதற்கு ஐம்பது, அறுபது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பை ஒருவரே நடத்தினார். ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை.

அணிகள் எழுந்த விதம்

இப்படி ஒதுங்கி வாழ்ந்த சமூகம் மற்ற ஊராரை நேருக்கு நேர் சந்தித்த இடங்களில் ஒன்று ஆட்டக்களம். கூடைப்பந்து சிறிய பள்ளிக்கு ஏற்றது: ஐந்து பேர் போதும், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆடலாம், பங்கு மண்டபத்தின் இரு முனையிலும் வளையம் மாட்டினால் களம் தயார். அதே மண்டபத்தில் சனிக்கிழமை நடனமும் மற்றொரு நாள் பிங்கோவும் நடக்கும். பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் வேண்டும். பையன்கள் போதாத ஊர்களுக்காக எட்டுப் பேர் ஆடும் வடிவமும், ஆறு பேர் ஆடும் வடிவமும் உண்டு.

கால்பந்தின் மீது கத்தோலிக்கருக்கு ஏற்பட்ட பற்றுக்கு இந்தியானாவின் நோட்ர டேம் பல்கலைக்கழகமே பெரும் காரணம். 1913இல் அது இராணுவக் கல்லூரி அணியை 35–13 என்ற கணக்கில் வென்றது. நூட் ராக்னி பயிற்றுநராக இருந்த 1920களில், அந்தப் பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்திராத தொழிலாளர்களும் உழவர்களும் அதைத் தங்கள் அணியாகக் கருதினர். அந்தக் காலத்தின் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கு கிளக்ஸ் கிளான் அமைப்பு அப்போது இந்தியானாவில் வலுவாக இருந்தது. 1924இல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள சவுத் பெண்ட் நகரில் அதன் கூட்டத்தினரும் மாணவர்களும் மோதிக்கொண்டனர். கத்தோலிக்கர் உண்மையான அமெரிக்கர் அல்லர் என்ற பேச்சுக்கு ஆட்டத்தின் முடிவு ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பல சிறுநகரப் பள்ளிகள் நோட்ர டேமின் நிறங்களையும் அதன் அணிப் பாடலின் மெட்டையும் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் இப்பள்ளிகள் யாரோடு ஆடுவது? பல மாநிலங்களில் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் அரசுப் பள்ளிகளை மட்டுமே உறுப்பினராக ஏற்றன. இந்தியானாவில் தனியார் பள்ளிகளுக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் கறுப்பின மாணவர்களின் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் 1942 வரை கதவு மூடியிருந்தது. பென்சில்வேனியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் தனியார் பள்ளிகளை மாநிலச் சங்கத்துக்குள் சேர்த்தது. அதனால் கத்தோலிக்கப் பள்ளிகள் தங்களுக்குள் தனிக் கூட்டமைப்புகளை அமைத்துக்கொண்டன. 1924 முதல் 1941 வரை சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகம் தேசியக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தியது. 1930இல் சிகாகோ துணை ஆயர் பெர்னார்ட் ஷீல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். பொருளாதார மந்தத்தில் வேலையற்றுத் திரிந்த பையன்களைக் குத்துச்சண்டைக் களத்துக்கு இழுப்பது அவர் நோக்கம். அமைப்பு மற்ற மறைமாவட்டங்களுக்குப் பரவியபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கூடைப்பந்துப் போட்டிகளே அதன் முகமாயின.

பயிற்றுநர் வேலைக்கும் பெரிய ஊதியம் இல்லை. பின்னாளில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியால் புகழ்பெற்ற வின்ஸ் லொம்பார்டி, 1939 முதல் 1947 வரை நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் நகரில் செயின்ட் சிசிலியா பள்ளியில் இருந்தார். விளையாட்டுப் பயிற்சியோடு இயற்பியல், வேதியியல், இலத்தீன் ஆகிய பாடங்களையும் அவர் நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பள்ளி 1986இல் மூடப்பட்டது.

பங்கின் நாட்காட்டியும் ஆட்டத்தின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து வெள்ளி இரவு நடப்பது அமெரிக்க வழக்கம். 1966 வரை கத்தோலிக்கருக்கு ஆண்டின் எல்லா வெள்ளியும் இறைச்சி விலக்கும் சுத்தபோசன நாள். களைத்துப்போன பையன்கள் இறைச்சி உண்ண நள்ளிரவு தாண்டக் காத்திருக்க வேண்டும். அவ்வாண்டு அமெரிக்க ஆயர்கள் தவக்காலத்துக்கு வெளியே அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினர். தவக்கால வெள்ளிகளில் பங்கு மண்டபத்தில் நடக்கும் பொரித்த மீன் விருந்து இன்றும் தொடர்கிறது. அதன் வருவாய் பல பங்குகளில் பள்ளிக்கோ விளையாட்டு அணிகளுக்கோ போகிறது. விருந்துக்கு ஊரிலுள்ள பிற சபையினரும் வருவார்கள். சமயப் பிணக்கைத் தணித்ததில் வறுத்த மீனின் பங்கை வரலாற்று நூல்கள் குறைவாகவே மதிப்பிட்டிருக்கின்றன.

பெண்களின் ஆட்டம் தாமதமாகவே கவனம் பெற்றது. கல்வியில் பால் வேறுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1972இல். அதே ஆண்டு பென்சில்வேனியாவில் அமலமரியின் ஊழியர் சபைக் கன்னியர் நடத்திய இம்மாக்குலாட்டா என்ற சிறிய மகளிர் கல்லூரி, தேசிய மகளிர் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது. 1973, 1974 ஆண்டுகளிலும் வென்றது. போட்டிக்குப் போகப் பணமின்றி மாணவியர் பல் துலக்கி விற்றுப் பயணச் செலவு சேர்த்தனர். கன்னியர் இரும்பு வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தனர். பிலடெல்பியா வட்டாரப் பங்குப் பள்ளிகளில் சிறுமியராக ஆடிப் பழகியவர்களே அந்த வெற்றியின் அடித்தளம்.

கன்னியர் விலகியபின்

1960களின் நடுவில் இப்பள்ளிகள் உச்சத்தை அடைந்தன. ஏறத்தாழ 13,000 பள்ளிகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தனர். நாட்டில் சுமார் 1,80,000 கன்னியர் இருந்தனர். அதன்பின் சரிவு விரைந்து வந்தது. 1950இல் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களில் 90 விழுக்காட்டினர் துறவியர். 1967இல் 58 விழுக்காடு. 1990இல் 15 விழுக்காடு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பலர் சபையை விட்டு வெளியேறினர்; பலர் பள்ளிக்கு வெளியே வேறு பணிகளைத் தேர்ந்தனர்; புதிதாகச் சேர்வோர் அருகினர்.

அவர்கள் இடத்தில் வந்த பொதுநிலை ஆசிரியர்களுக்குக் குடும்பம் உண்டு, அவர்களுக்கு ஊதியம் தர வேண்டும். கல்விக் கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியதும் பிள்ளைகள் குறைந்தனர். மாநில அரசு ஊதியத்தில் உதவலாமா என்ற கேள்விக்கு, 1971இல் பென்சில்வேனியா, ரோட் ஐலண்ட் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் பேருந்துச் செலவை மட்டும் அரசு ஏற்கலாம் என்று 1947லேயே தீர்ப்பு வந்திருந்தது. வீடுகள் தொலைவில் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புறத்துக்கு அது பேருதவி. இருந்தாலும் பேருந்து ஓடினால் போதாது, வகுப்பில் ஆசிரியர் வேண்டும்.

மூப்படைந்த கன்னியரின் நிலை 1980களில்தான் வெளியே தெரிந்தது. வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களைப் பராமரிக்கச் சபைகளிடம் பணமில்லை. 1988 முதல் அமெரிக்கப் பங்குகள் எல்லாவற்றிலும் ஆண்டுக்கொருமுறை ஓய்வுபெற்ற துறவியருக்காகத் தனிக் காணிக்கை எடுக்கப்படுகிறது. பழைய மாணவர்கள் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு நன்கொடை தந்த அளவுக்கு இதற்கும் தந்திருந்தால் கணக்கு ஓரளவு நேராகியிருக்கும்.

நிலக்கரிப் பகுதியில் அடி இரட்டிப்பாக விழுந்தது. ஷெனண்டோவா போன்ற ஒரே நகரில் அயர்லாந்தியர், போலந்தியர், லித்துவேனியர், சுலோவாக்கியர் எனத் தனித்தனிக் கோவில்கள் இருந்தன. சுரங்கங்கள் மூடிக் குடும்பங்கள் வெளியேறியதும் இவற்றைத் தாங்க ஆளில்லை. ஷெனண்டோவாவின் லித்துவேனியர் கோவிலான செயின்ட் ஜார்ஜ் 2006இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. 2008இல் அல்லன்டவுன் மறைமாவட்டம் இப்பகுதியின் பல பங்குகளை ஒன்றாக இணைத்தது. பள்ளிகள் இணைந்தால் அணிகளும் இணைய வேண்டும். நேற்றுவரை பரம எதிரியாக இருந்த பள்ளியின் நிறத்தை உடுத்த நேர்ந்ததைப் பலர் கோவில் இழப்புக்கு அடுத்த இழப்பாகக் கருதினர்.

2002க்குப் பின் வெளிவந்த பாலியல் கொடுமைச் செய்திகள் வேறு வகையான முறிவு. பயிற்சிக் கூடத்திலும் வெளியூர்ப் பயணங்களிலும் குருவையும் பயிற்றுநரையும் கேள்வியின்றி நம்பிய அதே நெருக்கம்தான் குற்றங்கள் நெடுங்காலம் மறைந்திருக்கவும் இடம் தந்தது. இழப்பீட்டு வழக்குகளால் பல மறைமாவட்டங்கள் நொடிப்பு அறிவித்தன; அயோவாவின் டேவன்போர்ட் (2006), மினசோட்டாவின் செயின்ட் கிளவுட் (2020) ஆகியவை நாட்டுப்புறப் பங்குகள் நிறைந்தவை.

2020–21 பள்ளியாண்டில் கத்தோலிக்கப் பள்ளிகள் 6,000க்கும் கீழே வந்தன. மாணவர் எண்ணிக்கை சுமார் 16 இலட்சம். கன்னியர் 40,000ஐ ஒட்டி இருந்தனர். அவர்களிலும் பெரும்பாலோர் முதியோர். அண்மைக் காலத்தில் சட்டத்தின் போக்கு மாறியிருக்கிறது. 2020, 2022 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், மற்றத் தனியார் பள்ளிகளுக்குக் கிடைக்கும் உதவியைச் சமயப் பள்ளிகளுக்கு மறுக்கக் கூடாது என்றன. 2023இல் அயோவாவும் ஓஹாயோவும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு உதவியை விரிவாக்கின. பல சிறுநகரங்களில் அதற்குள் பள்ளிக் கட்டடம் வேறு கைக்குப் போய்விட்டது.

போட்டி மனக்கசப்பு தனி. தனியார் பள்ளிகள் ஊர் எல்லை கடந்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கின்றன என்ற குற்றச்சாட்டால், இலினாய் மாநிலம் 2005இல் அவற்றின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கி மேல்பிரிவில் ஆடவைக்கும் விதியைக் கொண்டுவந்தது. பெருநகரக் கத்தோலிக்கப் பள்ளிகளைக் குறிவைத்த இத்தகைய விதிகள் சிறிய பள்ளிகளையும் பிடிப்பதாக எதிர்ப்பு எழுந்தது.

ஹம்ப்ரி, டெல்ஃபாஸ், மரியா ஸ்டைன்

பிழைத்த இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். நெப்ராஸ்காவின் ஹம்ப்ரியில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனாலும் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றும் செயின்ட் பிரான்சிஸ் என்ற கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றும் உண்டு. ஆள் போதாததால் ஹம்ப்ரி அரசுப் பள்ளி, பக்கத்து ஊரான லிண்ட்சேயின் ஹோலி ஃபேமிலி என்ற கத்தோலிக்கப் பள்ளியோடு சேர்ந்து ஒரே அணியாக ஆடியது. அந்தக் கூட்டணி அணி செயின்ட் பிரான்சிஸை எதிர்த்து இறங்கும் நாளில், கத்தோலிக்கப் பிள்ளைகள் இரு பக்கமும் இருப்பார்கள்.

மேற்கு ஓஹாயோவில், சமவெளியில் சில மைல்களுக்கொரு கோபுரம் தெரியும் பகுதியைச் ‘சிலுவை முனைக் கோவில்களின் நிலம்’ என்பர். சுவிட்சர்லாந்திலிருந்து 1844இல் வந்த விலைமதிப்பற்ற திரு இரத்தக் கன்னியர் அங்கு மரியா ஸ்டைன் என்ற இடத்தில் மடம் அமைத்தனர். வட்டாரப் பிள்ளைகளுக்குப் பல தலைமுறைகளாகக் கற்பித்தனர். சற்று வடக்கே, அதே 1840களில், அருள்தந்தை ஜான் ஓட்டோ பிரெடைக் ஜெர்மானியக் குடியேறிகளோடு கால்வாய்க் கரையில் நிறுவிய குடியிருப்பிலிருந்து டெல்ஃபாஸ் நகரம் வளர்ந்தது. டெல்ஃபாஸில் செயின்ட் ஜான்ஸ் கத்தோலிக்கப் பள்ளியாகவே நிலைத்தது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கி அதன் கால்பந்து அணி தொடர்ச்சியாக 57 ஆட்டங்களை வென்று மாநிலச் சாதனை படைத்தது.

மரியா ஸ்டைனில் உயர்நிலைக் கல்வி அரசுப் பள்ளியான மேரியன் லோக்கலில் நடக்கிறது. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் சுற்றுப் பங்குகளின் கத்தோலிக்கக் குடும்பத்தினர். கட்டணம் இல்லை, சம்பளம் அரசு தருகிறது, மறைக்கல்வி பங்கில் நடக்கிறது. 1891இல் ஃபேரிபால்ட் பங்குத்தந்தை தேடிய ஏற்பாடு ஏறத்தாழ இதுதான். மேரியன் லோக்கல் 2024 வரை 15 மாநிலக் கால்பந்துப் பட்டங்களை வென்றிருக்கிறது. டெல்ஃபாஸின் 57 ஆட்டச் சாதனையை முறியடித்ததும் அதே 2024இல்தான். கன்னியரின் பழைய மடம் இப்போது புனிதர்களின் திருப்பண்டங்கள் வைக்கப்பட்ட திருத்தலமாக இருக்கிறது.